நாலு நாள் முழு மூடல்: வீட்டுக்குள்ள எப்படி ஓட்டுறீங்க?

வைகைக்கரை (மதுரை) | 25 ஏப்ரல் 2020, இரவு 9.40

நாளைக் காலையில இருந்து புதன் ராத்திரி வரைக்கும் சென்னை, கோவை, மதுரை மூணு மாநகராட்சியும் முழுசா மூடல். இன்னைக்கு எங்க ஊர்க் கடைத்தெருவப் பாத்திருந்தா கொரோனாவே பயந்து ஓடியிருக்கும். இடைவெளி விட்டு நிக்கச் சொல்லிச் சுண்ணாம்புல போட்ட வட்டமெல்லாம் ஆள் காலுக்கடியில அழிஞ்சே போச்சு. கத்திரிக்காய்க்கு அடிதடி.

எங்க வீடு ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு அடுப்படி. ஆளு அஞ்சு. வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுறார். மார்ச் 24 சாயங்காலம் 144 போட்டதுல இருந்து வண்டி வேப்பமரத்தடியில நிக்குது, மேல காக்கா எச்சம். மாமியாருக்கு சுகர், பிரஷர் ரெண்டும். பெரியவன் பத்தாவது. பரீட்சை எப்பன்னு தெரியாம, புத்தகத்த மூடவும் மனசில்லாம தொறக்கவும் மனசில்லாம திரியுறான். சின்னவ மூணாவது. ரேஷன் கார்டுக்கு வந்த 1000 ரூபா மாத்திரைக்கும் சிலிண்டருக்கும் சரியாப் போச்சு.

வாட்ஸப்பத் தொறந்தா "குடும்பத்தோடு கழிக்கக் கிடைத்த பொற்காலம்"னு வருது. எங்க வீட்டுல ரிமோட்டுக்குப் பஞ்சாயத்து, ஃபேன் காத்துக்குப் பஞ்சாயத்து, பாத்ரூமுக்குப் பஞ்சாயத்து.

கேக்க வந்தது இதுதான். உங்க வீட்டுல மனசு விட்டுப்போகாம எது பிடிச்சு நிறுத்துது? யோகா பண்ணுங்க, கபசுரக் குடிநீர் குடிங்கன்னு சொல்றவங்க தனி இழை ஆரம்பிச்சுக்கங்க. நீங்க என்ன பண்றீங்களோ அத மட்டும் எழுதுங்க.

---

ஓஎம்ஆர் ஓரம் (சென்னை) | 25 ஏப்ரல் 2020, இரவு 11.15

எனக்குப் பொற்காலம்தாங்க, இதுல மறைக்க என்ன இருக்கு. காலையில கேப்ல ஏறினா ராத்திரிதான் வீடு. பொண்ணு யூகேஜி. நான் கிளம்பறப்பத் தூங்குவா, வர்றப்பவும் தூங்குவா. இப்ப மூணு வேளையும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம். அம்மா எப்பவோ குடுத்த பல்லாங்குழி பரண்ல கிடந்துச்சு, சோழிய யாரு தேடறது, புளியங்கொட்டைய வச்சு ஆடறோம். டால்கோனா காபி கூட அடிச்சுப் பாத்தோம், கை வலிதான் மிச்சம். பாசிட்டிவா எடுத்துக்கிட்டா எல்லாமே நல்லதுதான்.

---

சரவணம்பட்டி டீச்சர் (கோவை) | 26 ஏப்ரல் 2020, காலை 6.50

ஓஎம்ஆர் சார், அந்த மூணு வேளையும் சமைச்சது யாருங்க? பல்லாங்குழி ஆடறப்ப அடுப்படியில யாருங்க நின்னுட்டு இருந்தாங்க?

நான் தனியார் ஸ்கூல் டீச்சர். பாதிச் சம்பளம்தான்னு சொல்லிட்டாங்க, ஆனா ஆன்லைன் கிளாஸ் முழுசா எடுக்கோணும். மிக்ஸி மேல போனச் சாய்ச்சு வச்சுட்டுப் பாடம் நடத்தறேன். மியூட் பண்ணுன பசங்க அத்தன பேரும் என்னப் பாக்கறாங்களா, வேற எதையாவது பாக்கறாங்களான்னு சாமிக்குத்தான் தெரியும். வேலைக்கு வர்ற அக்காவுக்குச் சம்பளம் குடுத்துடறோம், ஆனா அவங்க வர முடியாது. வீட்டுக்காரருக்கும் லீவு, பையனுக்கும் லீவு, அடுப்படிக்கு மட்டும் லீவே இல்லீங்க.

வைகைக்கரை அக்கா கேட்டதுக்குப் பதில்: மத்தியானம் ரெண்டுல இருந்து மூணு வரைக்கும் எங்க வீட்டு அடுப்படி மூடல். நானே போட்ட 144. டீ வேணும்ங்கறவங்க மூணு மணிக்கு மேலதான் கேக்கோணும். அந்த ஒரு மணி நேரம் பால்கனிக் கதவச் சாத்திட்டுச் சும்மா உக்காந்திருப்பேன். மொத வாரம் மொனகுனாங்க, இப்பப் பையனே "அம்மா, மணி ரெண்டாச்சு"ங்கறான்.

---

ஓஎம்ஆர் ஓரம் | 26 ஏப்ரல் 2020, காலை 9.05

டீச்சர், பாத்திரம் நான்தான் கழுவறேன். போட்டோ வேணுமா?

வைகைக்கரை | 26 ஏப்ரல் 2020, காலை 9.20

போடுங்க தம்பி. எங்க வீட்டுல ஒருத்தருக்குக் காட்ட வேண்டியிருக்கு.

---

பவர்டேபிள் (திருப்பூர், இப்ப முதுகுளத்தூர் பக்கம்) | 27 ஏப்ரல் 2020, பிற்பகல் 3.30

சம்பளம் வர்றவனுக்கும் வராதவனுக்கும் ஒரே ஊரடங்கு இல்லண்ணே. பனியன் கம்பெனியில சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சம்பளம். மார்ச் 21 வாங்குனதுதான் கடைசி. ரூமுக்கு வாடகை, மெஸ்ஸுக்குப் பாக்கி, கையில இருந்தத வச்சு 24ஆம் தேதி பஸ் நிக்கிறதுக்குள்ள ஊர் வந்து சேந்தேன். அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நின்ன கூட்டத்த தீபாவளிக்குக்கூட நான் பாத்ததில்ல.

ஊர்ல இப்ப மிளகா வெள்ளாம. முண்டு மிளகா. பழத்தப் பறிச்சுக் கொஞ்சம் குமிச்சு வச்சுட்டு, பிறகு களத்துல பரத்தணும். நல்ல வத்தல எடுத்து ஆட்டுனா உள்ள வெத கலகலன்னு கேக்கும், காம்பு உதிராது. வெளுத்துப் போனது சண்டு, அதத் தனியாப் பிரிக்கணும். கலந்து கிடந்தா வியாபாரி மூட்டைக்கே வெலையக் கொறைப்பான்.

அப்பாவும் நானும் அவ்வளவாப் பேசிக்க மாட்டோம். படிப்ப விட்டுட்டுத் திருப்பூர் போனேன்னு அவருக்கு வருத்தம், அத வாயத் தொறந்து சொல்லவும் மாட்டார். இப்பத் தெனமும் காலையில ரெண்டு பேரும் களத்துல உக்காந்து பொறுக்குறோம். அவருக்குக் கண்ணு மங்கிருச்சு, சண்டயும் நல்லதுலயே போட்டுர்றார். நான் பின்னாலயே உக்காந்து ஒண்ணும் சொல்லாம எடுத்து மாத்திப் போடுறேன். அவருக்கும் தெரியும்னுதான் நெனைக்கிறேன். நேத்து, "நீ எடுத்து வச்சா ஒரு சண்டு இல்ல"ன்னார். எங்கப்பா வாயில இருந்து வர்ற பாராட்டுக்கு அதுதான் உச்சம்.

வாங்கத்தான் ஆள் இல்ல. வீட்டுக்குள்ள மூட்டை ஏறிக்கிட்டே போகுது. ராத்திரி தும்மாமத் தூங்குறவன் எங்க வீட்டுல கெடையாது. தும்முனா பக்கத்து வீட்டுக்காரன் சந்தேகமாப் பாக்குறான்.

---

டோம் ரூம் (சிங்கப்பூர்) | 28 ஏப்ரல் 2020, இரவு 10.10

எல்லாரும் குடும்பத்தோட அடைஞ்சு கிடக்கிறதப் பத்தி எழுதுறீங்க. நாங்க ஒரு ரூம்ல பன்னெண்டு பேரு, ஒருத்தனுக்கு ஒருத்தன் ரத்த சம்பந்தம் இல்ல. இங்க ஏப்ரல் 7ல இருந்து ஊரடங்கு, சர்க்கியூட் பிரேக்கர்னு பேரு. ஜூன் 1 வரைக்கும்னு நீட்டிட்டாங்க. டோம், அதான் தொழிலாளர் விடுதி, அத விட்டு வெளிய கால் வைக்க முடியாது. கட்டில், கக்கூஸ், காரிடார், இதுதான் சிங்கப்பூர். சாப்பாடு மூணு வேளையும் வந்துருது. அடிப்படைச் சம்பளம் வருது, ஓவர்டைம் போச்சு. ஊருக்கு அனுப்புற காசே ஓவர்டைம்லதான்னு இந்த வேலை தெரிஞ்சவங்களுக்குப் புரியும்.

புதுக்கோட்டையில வீட்டுல நிறைமாசம். வளைகாப்பு போட்டோவப் போன்ல பாத்தேன். பிரசவத்துக்காவது போகணும்னு மார்ச் கடைசியில டிக்கெட் போட்டிருந்தேன், அதுக்குள்ள விமானமெல்லாம் நின்னுருச்சு.

ரூம்ல பங்களாதேஷ்காரங்க நாலு பேருக்கு நோம்பு. விடியக்காலம் சத்தமில்லாம எந்திரிச்சு, செல்போன் வெளிச்சத்துல சாப்பிடுறாங்க, நாங்க முழிச்சிரக் கூடாதாம். சாயங்காலம் நோம்பு தொறக்குறப்ப எங்களுக்கும் பேரீச்சம்பழம் குடுத்துட்டுத்தான் அவங்க வாயில வைக்கிறாங்க. வாய்ல தண்ணிகூடப் படாம இருந்தவன் அவன், மத்தியானம் பிரியாணி சாப்பிட்ட எனக்கு மொதல்ல பழம். என்னத்தச் சொல்ல.

---

கஞ்சி வாளி (மேலப்பாளையம்) | 29 ஏப்ரல் 2020, மாலை 4.20

டோம் ரூம் தம்பி, நோம்பப் பத்தி எழுதுனதப் பாத்துத்தான் நானும் எழுதுதேன்.

எங்க தெரு முனையில தகரம் அடிச்சிருக்காவ. உள்ள வர ஆள் இல்ல, வெளிய போக வழி இல்ல. டெல்லி தப்லீக் மாநாட்டுக்கு அப்புறம் எங்கள எப்படிப் பேசுனாங்கன்னு இங்க எழுத மாட்டேன், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

நோம்புக்கஞ்சிய வீட்டுல காய்ச்சுறது இந்த வருசம்தான். எப்பவும் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பொறவு பயலுவ தூக்குவாளி எடுத்துட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடுவானுவ. இப்பப் பள்ளிவாசல்ல காய்ச்சக் கூடாதுன்னு கஞ்சிக்கான அரிசிய வீட்டுக்கு வீடு பிரிச்சுக் குடுத்துட்டாவ. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கடைசியா தேங்காப்பால். எல்லாம் சரியாத்தான் போட்டேன். அண்டாவுல கொதிச்ச ருசி குக்கர்ல எங்க வரும். எங்க வாப்பா ஒரு மடக்கு குடிச்சுட்டு, "நல்லாருக்கு, ஆனா கஞ்சி இல்ல"ன்னாவ.

தராவீஹ் தொழுகையும் வீட்டுலதான். மூத்தவன் முன்னால நின்னு ஓதுதான், வாப்பா அவனுக்குப் பின்னால, நாங்க பொம்பளைங்க கடைசி வரிசையில. தகப்பனுக்கு மவன் இமாமா நிக்கான். ரெண்டாவது நாள் ஒரு எடத்துல தடுமாறுனான், வாப்பா பின்னால இருந்து எடுத்துக் குடுத்தாவ. இந்த வருச ரமலான்ல எனக்கு இது போதும்.

---

வைகைக்கரை | 4 மே 2020, பிற்பகல் 12.30

இன்னைக்கு மீனாட்சி திருக்கல்யாணம். ஊரே இல்லாம நாலஞ்சு பட்டருங்க மட்டும் நின்னு நடத்துன கல்யாணத்த மதுரைக்காரங்க அத்தன பேரும் டிவியிலயும் போன்லயும் பாத்தோம். ஆத்துல அழகர் இறங்குறதும் இந்த வருசம் கிடையாது. வைகையில தண்ணி வருதா வரலையான்னு சண்ட போடக்கூட வழியில்லாத சித்திரை இது.

தாலிக்கயிறு மாத்தணுமே. எங்க வரிசை வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் அவங்கவங்க வாசப்படியில மஞ்சக் கயிறோட நின்னோம். டிவியில மேளம் கொட்டுன நேரம் ஒண்ணா மாத்திக்கிட்டோம். எதுத்த வீட்டுல கரண்ட்டு இல்ல போல, சத்தம் எதுவும் கேக்கல, "ஆச்சா, ஆச்சா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

அப்புறம் மாமியார் மொய் எழுதணும்னு பிடிவாதம். யார்கிட்ட எழுதுறது? கோயிலே பூட்டிக் கிடக்கு. பழைய டைரியில "மீனாட்சி கல்யாணம் 51"ன்னு பேரன எழுத வச்சு, மஞ்சத்துணியில முடிஞ்சு அரிசிப் பானைக்குள்ள போட்டாங்க. கோயில் தொறந்ததும் உண்டியல்ல போடணுமாம். வீட்டுல இன்னைக்கு இருந்த காசுல 51 ரூபா சின்னத் தொகை இல்ல. வீட்டுக்காரர் என்னப் பாத்தார், நான் அவரப் பாத்தேன். ரெண்டு பேரும் வாயத் தொறக்கல.

---

பேர் வேண்டாம் | 8 மே 2020, இரவு 10.50

இந்த இழையப் படிச்சுக்கிட்டேதான் இருக்கேன். ஊர் பேரெல்லாம் சொல்லல.

எங்க வீட்டுக்கு நிஜமாவே பொற்காலம்தான். மார்ச் 24 டாஸ்மாக் கடை மூடினதுல இருந்து. வீட்டுக்காரர் மொதல்ல ரொம்பக் கஷ்டப்பட்டார், கை நடுக்கம், ராத்திரி பூரா உக்காந்திருப்பார், வாந்தி. ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர் மாத்திரை குடுத்தார். அப்புறம் தெளிஞ்சார். பரண்ல கிடந்த சுண்ணாம்பக் கரைச்சு வீட்டுக்கு அடிச்சார். பொண்ணுக்கு வகுத்தல் கணக்கு சொல்லிக் குடுத்தார். பொண்ணு அவர் பக்கத்துல போய் உக்காந்தா. அவ அப்படி உக்காந்து நான் பாத்ததே இல்ல.

நேத்து கடையத் தொறந்துட்டாங்க. குடையோட போய் வரிசையில நின்னார். இன்னைக்கு ஹைகோர்ட் மூடச் சொல்லிருச்சுன்னு டிவியில சொல்றாங்க. இது எத்தன நாளைக்கோ.

சரவணம்பட்டி டீச்சர் | 8 மே 2020, இரவு 11.20

அம்மணி, அந்த மாத்திரை குடுத்த டாக்டர் நம்பர் இருந்தா நாளைக்கே கூப்பிடுங்க. மறுபடி தொறந்தாலும் தொறப்பாங்க, அதுக்கு முந்தி அவர ஒருக்காக் கூட்டிட்டுப் போயிருங்க.

நடத்துனர் | 9 மே 2020

கட்சிப் பெயர் சொல்லி எழுதிய பதில்கள் நீக்கப்பட்டன. அதற்கு வேறு பகுதி உண்டு.

பேர் வேண்டாம் | 16 மே 2020, இரவு 9.00

தொறந்துட்டாங்க. சுப்ரீம் கோர்ட்டு சரின்னுருச்சாம். டாக்டர்கிட்ட ஒரு தடவ வந்தார். இன்னைக்குக் கடைக்குப் போகல. நாளைக்குத் தெரியல.

---

நைட் ட்யூட்டி (அரசு ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ்) | 17 மே 2020, காலை 8.40

ஒரு வாரம் வார்டு, ஒரு வாரம் தனிமை, இப்படி மாத்தி மாத்திப் போடறாங்க. அக்னி நட்சத்திரத்துல பிபிஇ கிட்டுக்குள்ள நின்னா எப்படி இருக்கும்னு சொல்றேன்: கையுறையக் கழட்டினா வேர்வை ஊத்தும், தண்ணி பாட்டில் கவுந்த மாதிரி. ட்யூட்டி முடியிற வரைக்கும் தண்ணி குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. மாதவிடாய் நாள்ல என்ன பண்றதுன்னு திட்டம் போட்டவங்க யாரும் யோசிக்கல.

கைத்தட்டினீங்க, விளக்கு ஏத்தினீங்க, சரி. ஏப்ரல் 19 சென்னையில ஒரு டாக்டரோட உடலப் புதைக்க விடாம ஆம்புலன்ஸ் மேல கல்லெறிஞ்சாங்களே, அன்னைக்கு எங்க ஹாஸ்டல்ல யாரும் சாப்பிடல. என் பொண்ணு அம்மா வீட்டுல இருக்கா. கேட்டுக்கு வெளியில நின்னு பாத்துட்டு வந்துடுவேன். போன தடவ அவ கேட்டுக்குள்ள இருந்து "சானிடைசர் போட்டுக்கிட்டியா"ன்னு கேட்டா, என் குரல்லயே.

மனசு நிக்கிற விஷயம் கேட்டீங்க. வார்டுல ஒரு பெரியவர். அவர் சம்சாரம் கீழ பொம்பளைங்க வார்டுல. ரெண்டு பேருக்கும் பாசிட்டிவ், ரெண்டு பேர்கிட்டயும் போன் இல்ல. ஒவ்வொரு வேளையும், "அவ சாப்பிட்டாளான்னு கேட்டுச் சொல்லும்மா"ம்பார். நானும் கீழ போறவங்ககிட்ட சொல்லி விடுவேன். அந்தம்மாகிட்ட இருந்து வந்த பதில்: "வீட்டுல இருந்தப்ப ஒரு நாளும் கேக்காத மனுஷன், இங்க வந்து என்ன திடீர்னு? மாத்திரையப் போட்டுட்டுப் படுக்கச் சொல்லு." அதச் சொன்னதும் பெரியவர் முகத்துல ஒரு சிரிப்பு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல டிஸ்சார்ஜ். போறப்ப அந்தம்மா முன்னால, அவர் பையத் தூக்கிக்கிட்டுப் பின்னால.

---

டோம் ரூம் | 20 மே 2020, இரவு 11.55

பொண்ணு பொறந்திருக்கு. சுகப்பிரசவம். மாமியார் போன் போட்டப்ப ரூமே எந்திரிச்சு உக்காந்துச்சு. பங்களாதேஷ் தம்பிங்க சேத்து வச்சிருந்த சேமியாவ எடுத்து ரைஸ் குக்கர்ல பாயசம் வச்சாங்க, பால்பவுடர்லதான். பேர் வைக்கிற அன்னைக்குப் போனப் பிள்ளை காதுகிட்ட வைக்கச் சொல்லியிருக்கேன், நானும் ஒரு தடவ கூப்பிடணும்ல. நெட் மட்டும் அன்னைக்குச் சதி பண்ணாம இருக்கணும்.

கஞ்சி வாளி | 21 மே 2020, காலை 5.10

மாஷா அல்லாஹ். சஹருக்கு எந்திரிச்சதும் இதத்தான் படிச்சேன். எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டியாச்சு.

---

வைகைக்கரை | 10 ஜூன் 2020, இரவு 8.15

பத்தாவது பரீட்சை ரத்து, எல்லாரும் பாஸ்னு நேத்து அறிவிச்சிட்டாங்க. 15ஆம் தேதி எழுதணும்னு நெஞ்சு படபடன்னு கிடந்தோம், சாமிக்கு நேந்துகூட வச்சேன். இவன் சந்தோசப்படுவான்னு பாத்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டான். காலாண்டு, அரையாண்டு மார்க்குல இருந்து 80 சதம், வருகைக்கு 20 சதமாம். அரையாண்டுல கணக்க ஒப்பேத்திட்டு, "முழுப் பரீட்சையில பாத்துக்கலாம்"னு சொன்ன ஆளு. இப்பப் பாரு.

இன்னொரு சேதி. ஆட்டோ ஓடலாம், ஒரே ஒரு ஆள ஏத்தலாம்னு மே 23ல இருந்து விட்டாங்க. ஒரு ஆள ஏத்தி ஷேர் ஆட்டோ ஓட்டுனா டீசலுக்குக் கூடக் காணாது. வீட்டுக்காரர் பின் சீட்டக் கழட்டிட்டார். விடியக்காலம் மார்க்கெட்டுல காய் எடுத்து, தெருத்தெருவா விக்கிறார். கூவ வெக்கப்பட்டார். மக வண்டியில ஏறி உக்காந்து "தக்காளி, வெங்காயம்"னு போன்ல பேசி ரெக்கார்டு பண்ணிக் குடுத்திருக்கா, அது பாட்டுக்கு ஓடுது. தெருவுல இப்ப எங்க ஆட்டோவுக்குப் பேரு பாப்பா கடை.

பவர்டேபிள் தம்பி, மிளகா இன்னும் இருக்கா?

---

பவர்டேபிள் | 11 ஜூன் 2020, காலை 7.00

இருக்குக்கா. பாதிய விருதுநகர் மண்டிக்குப் போட்டாச்சு, கொறைஞ்ச வெலைக்கு. மீதி வீட்டுல. மதுரையும் ராமநாதபுரமும் ஒரே மண்டலம், இ-பாஸ் வேணாம். எங்க ஊர்ல இருந்து லோடு வண்டி ஒண்ணு வாரத்துக்கு ரெண்டு தடவ மதுரை வருது, அதுல ஏத்தி விடுறேன். மண்டி வெலைக்கு மேல கிலோவுக்கு இருபது ரூபா போட்டுக் குடுங்க, போதும். வித்த பிறகு காசு அனுப்புனாப் போதும்.

கம்பெனியில கூப்பிட்டுட்டாங்க. இப்ப மாஸ்க்கும் பிபிஇ கிட்டும்தான் ஓடுதாம். நைட் ட்யூட்டி அக்கா, நீங்க வேர்வையில நனையிற அந்த கிட்ட நான் தைக்கப் போறேன். தையல்ல காத்துப் போற மாதிரி எதாச்சும் பண்ண விடுவாங்களான்னு கேட்டுப் பாக்குறேன்.

நைட் ட்யூட்டி | 11 ஜூன் 2020, பிற்பகல் 2.30

காத்துப் போனா கொரோனாவும் போகும் தம்பி! முழங்கைக்கிட்ட மட்டும் கொஞ்சம் தாராளமா வெட்டச் சொல்லுங்க. கையத் தூக்கினா கிழியுது.

---

ஓஎம்ஆர் ஓரம் | 16 ஜூன் 2020, இரவு 10.30

எங்க வீட்டுல எனக்கும் மனைவிக்கும் பாசிட்டிவ். பொண்ணுக்கு நெகட்டிவ். வாசல்ல தகரம் அடிச்சு, நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. காய்ச்சல் குறைஞ்சிருச்சு, வாசனைதான் தெரியல. மாநகராட்சித் தன்னார்வலர் ஒரு பையன் பால், மாத்திரை வாங்கிட்டு வந்து தகரத்துக்கு மேல நீட்டறான். காசு குடுத்தா, "அப்புறமா ஜிபே பண்ணுங்க சார்"ங்கறான்.

மாடி வீட்டம்மாவோட கார் பார்க்கிங் தகராறுல ஒரு வருஷமாப் பேச்சு கிடையாது. முந்தாநாள் பால்கனியில ஒரு வாளி மேல இருந்து கயித்துல இறங்குது. உள்ள மிளகு ரசம், பொண்ணுக்குத் தனியா ஒரு டப்பாவுல பருப்பு சாதம். நிமிர்ந்து பாத்தேன், ஆள் இல்ல. நேத்தும் இறங்குச்சு. காலி வாளியில பொண்ணு படம் வரைஞ்சு அனுப்பறா. 19ஆம் தேதியில இருந்து சென்னை மறுபடி முழு மூடல், எங்களுக்கு அதனால ஒண்ணும் புதுசா இல்ல.

டீச்சர், பாத்திரம் இப்பவும் நான்தான்.

சரவணம்பட்டி டீச்சர் | 17 ஜூன் 2020, காலை 7.10

ஒடம்பப் பாத்துக்கங்க சார். அந்த வாளியக் கழுவித்தான அனுப்பறீங்க?

---

வைகைக்கரை | 23 ஜூன் 2020, மாலை 6.45

இன்னைக்கு நடுராத்திரியில இருந்து மதுரை மறுபடியும் மூடல், 30 வரைக்கும். வண்டி வெளிய போக முடியாது. ஆனா பவர்டேபிள் தம்பி, மூணு மூட்டையில ரெண்டு வித்தாச்சு. மாமியார் களத்துல நிக்கிற மாதிரி முறத்த வச்சுக்கிட்டு ஒரு வத்தல எடுத்துக் காதுகிட்ட ஆட்டிப் பாத்துட்டு, "வெத பேசுது"ன்னுட்டாங்க. அவங்க சொன்னா எங்க தெருவுல யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க.

காசு இப்ப அனுப்பியிருக்கேன், பாருங்க. மிச்ச மூட்டைக்கு எங்க வரிசை வீடுகள்லயே சொல்லி வச்சிருக்காங்க, மூடல் முடியிறதுக்குள்ள போயிரும். கோவை டீச்சர் அஞ்சு கிலோ கேட்டிருக்காங்க, நைட் ட்யூட்டிக்கு ரெண்டு. அத எப்படி அனுப்புறதுன்னு தெரியல, பார்சல் ஆபீஸ் ஓடுதான்னு யாராச்சும் சொல்லுங்க.

பவர்டேபிள் (திருப்பூர்) | 23 ஜூன் 2020, இரவு 9.30

காசு வந்துருச்சுக்கா. அப்பாகிட்டப் போன் போட்டுச் சொன்னேன். "சண்டு கெடந்துச்சான்னு கேளு"ன்னார்.

வைகைக்கரை | 23 ஜூன் 2020, இரவு 9.34

ஒண்ணு ரெண்டு கெடந்துச்சு. இல்லன்னு சொல்லிருங்க.